தண்ணீர் பிடித்துப் போனவர்களும் திரும்பி வந்தவர்களும்

சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் இடைப்பட்ட வட்டாரத்தில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். பாடம் நடத்துவதோடு நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் பொறுப்பையும், பின்னர் உன்னத் பாரத் அபியான் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பையும் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். எங்களிடம் படிக்க வருவோரில் பெரும்பாலோர் தங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் தலைமுறையினர். தறிக்கூடத்திலும் பனியன் கம்பெனியிலும் சாயப்பட்டறையிலும் வேலை செய்யும் பெற்றோரும், மூன்று நான்கு ஏக்கர் தோட்டமும் இரண்டு மாடும் வைத்துக் காலம் தள்ளும் தாத்தா பாட்டியும் ஒரே வீட்டில் இருப்பது இங்கே சாதாரணம். உயர்கல்வி நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு, நிலைத்த வளர்ச்சி என்று கருத்தரங்குகளில் பேசப்படும் பொருள் எங்கள் வகுப்பறைக்குள் எந்த உருவத்தில் வந்து நின்றது, கல்லூரியால் அதில் என்ன செய்ய முடிந்தது, எது முடியவில்லை என்பதை, இந்த வேலையில் இறங்க நினைக்கும் ஆசிரியர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டான 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களோடு தொடங்கப்பட்டது. தொண்டர் ஒருவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சமூகப் பணி செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமில் ஊரில் தங்கவும் வேண்டும். உன்னத் பாரத் அபியான் 2014-ல் வந்தது. டெல்லி ஐ.ஐ.டி. தேசிய ஒருங்கிணைப்பு நிறுவனமாக இருக்கும் இத்திட்டத்தில் சேரும் கல்லூரிகள் ஐந்து கிராமங்களைத் தத்தெடுத்து, வீடு வீடாகக் கணக்கெடுத்து, அங்குள்ள சிக்கல்களுக்குத் தீர்வு தேட வேண்டும்.

ஏழு நாள் முகாமைக் கேலி செய்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். விடுதியிலும் வீட்டிலும் மட்டுமே தூங்கிப் பழகிய பிள்ளை ஊராட்சிப் பள்ளிக்கூடத்துத் திண்ணையில் ஏழு இரவு படுத்து எழுவதே ஒரு படிப்பு. ஆனால் அந்த முகாமால் ஊருக்கு என்ன கிடைக்கிறது என்பது வேறு கேள்வி. கோயில் வளாகத்தைத் துப்புரவு செய்வோம், கண் சிகிச்சை முகாம் நடத்துவோம், பேரணி போவோம், மரக்கன்று நடுவோம். எங்கள் பக்கத்தில் முகாம்கள் பெரும்பாலும் தை, மாசியில் அமையும். மாசியில் நட்ட கன்றுக்குச் சித்திரையில் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்று ஊர்க்காரர் கேட்டால் எங்களிடம் விடை இருப்பதில்லை. வெள்ளாடு மிச்சம் வைத்தால்தானே தண்ணீர்ப் பேச்சு என்பதும் உண்டு.

எந்த ஊருக்குப் போனாலும் பேச்சு கடைசியில் தண்ணீரில்தான் வந்து நிற்கும். நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்னும் ஊருக்கு அருகே காவிரியில் கலக்கிறது. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் வேகமாக வளர்ந்த ஆண்டுகளில் சாயக்கழிவு இந்த ஆற்றில் விடப்பட்டது. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீருக்குப் பதிலாகச் சாயநீர் தேங்கியது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற நிலைக்கு வழக்கு வந்து சேர்ந்தது. அதை நிறைவேற்றாத சாய ஆலைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தத் தை மாதத்தை இந்த வட்டாரத்தில் வேலையிழந்தவர்களும் மறக்கவில்லை, தென்னை காய்ந்தவர்களும் மறக்கவில்லை.

இதில் வேதியியல் எங்கே இருக்கிறது என்பதை மாணவர்களுக்கு விளக்குவது எனக்குப் பிடித்த வகுப்புகளில் ஒன்று. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் நன்றாக ஏற வேண்டுமானால் சாயத்தொட்டியில் சாதாரண உப்பையோ சோடியம் சல்பேட்டையோ நிறையப் போட வேண்டும். உப்பு சாயத்தை நூலின் பக்கம் தள்ளிவிடும், ஆனால் தான் துணியில் தங்காது. போட்ட உப்பு நீரோடு வெளியே வந்துவிடும். கழிவுநீரின் நிறத்தைப் போக்குவது ஒப்பீட்டளவில் எளிது. உப்பைப் பிரிக்க வேண்டுமென்றால் ஆர்.ஓ. சவ்வின் வழியே அழுத்தி வடிகட்டி, எஞ்சி நிற்கும் செறிந்த உப்புநீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க வேண்டும். அதற்கு விறகோ மின்சாரமோ ஏராளமாகச் செலவாகும். ஆற்றில் தெளிந்த நீர் ஓடுவதைப் பார்த்துச் சிக்கல் தீர்ந்தது என்று நினைப்பதற்கும், முன்பே பாறை இடுக்குகளில் இறங்கிவிட்ட உப்பு கிணற்றில் இன்னும் இருப்பதற்கும் உள்ள தொலைவு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

எங்கள் இளநிலை வகுப்பொன்றில் சாயப்பட்டறை மாஸ்டரின் மகனும், நொய்யல் கரையில் தோப்பை இழந்த விவசாயியின் பேத்தியும் ஒரே பெஞ்சு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றுச்சூழல் பாட வகுப்பில் ஆற்று மாசு என்ற தலைப்பை எடுத்த நாளில் இருவருக்கும் வாக்குவாதம் முற்றியது. ஆலை மூடியபோது தன் வீட்டில் வட்டிக்கு வாங்கித்தான் சோறு பொங்கினார்கள் என்று அவன் சொன்னான். தன் தாத்தா மாட்டை விற்றது யாரால் என்று அவள் கேட்டாள். நான் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை. இருவருடைய வீட்டுக் கிணற்று நீரையும் அடுத்த ஆய்வக வகுப்புக்குக் கொண்டுவரச் சொன்னேன். ஒரே ஆற்றின் பெயரால் எதிரெதிர் அணியில் நிற்கும் இரண்டு குடும்பங்களின் பிள்ளைகள் ஒரே மேசையில் நின்று ஒரே சோதனையைச் செய்யக் கூடிய இடம் இந்த வட்டாரத்தில் கல்லூரியைத் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. கல்லூரியின் சமூகப் பொறுப்பு என்று எதையாவது சொல்வதானால், இரு தரப்பும் ஏற்கும்படியான அளவீட்டை எடுத்து, அதை ஆண்டுக்கணக்கில் காத்து வைத்து, கேட்கிறவருக்குக் கொடுப்பதையே முதலில் சொல்வேன்.

வேலை உண்மையில் பாடத்திட்டத்துக்குள் இருந்தே தொடங்கியது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கல்வியின் எல்லா நிலைகளிலும் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. அதன்படி பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த ஆறு மாதப் பாடத்திட்டத்தில் நூறு மதிப்பெண்ணுக்கு 25 மதிப்பெண் களப்பணிக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. மாசுபட்ட உள்ளூர் இடம் ஒன்றைப் பார்த்துப் பதிவு செய்வதும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. நடைமுறையில் அந்த 25 மதிப்பெண் பல இடங்களில் இணையத்தில் இருந்து எடுத்து ஒட்டிய படங்களுக்குப் போய்ச் சேர்கிறது. அதை எங்கள் துறை கிணற்றுக்குத் திருப்பியது. வேதியியல் மாணவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் இருந்தது. நீரின் கடினத்தன்மையை ஈ.டி.டி.ஏ. கரைசலால் அளவிடுவது பட்டப்படிப்பின் வழக்கமான செய்முறை. ஆய்வக உதவியாளர் கலக்கி வைத்த, பெயரில்லாத கரைசலுக்குப் பதிலாக அவரவர் வீட்டு நீரைக் கூம்புக் குடுவையில் ஊற்றச் சொன்னோம். எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டியைப் போட்டதும் ஒயின் சிவப்பாக இருக்கும் நீர், பியூரெட் என்னும் அளவுக்குழாயில் இருந்து சொட்டுச் சொட்டாக ஈ.டி.டி.ஏ. விழ விழ, ஒரு கட்டத்தில் சட்டென்று நீலமாக மாறும். அளவிடப்படுவது தன் அம்மா காலையில் சேந்திய தண்ணீர் என்றால், அந்த நிறமாற்றத்துக்காகக் காத்திருக்கும் கண்ணில் தூக்கம் இருக்காது. பியூரெட் நிரம்பியிருந்து காலியாகும்வரை நிறம் மாறாமல் போன குடுவைகளும் உண்டு. மறுபடி நிரப்பித்தான் முடித்தார்கள்.

களப்பணியைக் கூடுதல் வேலையாக வைத்தால் அது ஆர்வமுள்ள நான்கைந்து பேரின் தலையில் விழும், அவர்கள் படிப்பை முடித்துப் போனதும் நின்றுவிடும். பாடத்தின் உள்ளேயே வைத்தால் நேரமும் மதிப்பெண்ணும் ஆய்வக வேதிப்பொருளும் அதற்கென்று ஏற்கெனவே இருக்கின்றன. தொடங்குகிறவர்களுக்கு நான் அழுத்தமாகச் சொல்வது இதைத்தான்.

மாதிரி எடுப்பதில் கவனிக்க வேண்டியவை பல. ஆழ்துளைக் கிணறு என்றால் மோட்டாரை ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, குழாயில் தேங்கிய நீர் போன பிறகே பிடிக்க வேண்டும். பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலச வேண்டும். ஃபுளோரைடு பார்ப்பதானால் கண்ணாடிப் பாட்டில் ஆகாது, பிளாஸ்டிக் வேண்டும். நைட்ரேட்டுக்கான மாதிரி ஐஸ் பெட்டியில் வந்து இரண்டு நாளைக்குள் சோதனைக்குப் போக வேண்டும். போர் எத்தனை அடி, எந்த ஆண்டு போட்டது, அருகில் கழிப்பறைக் குழியோ மாட்டுத் தொழுவமோ குப்பைக்குழியோ எத்தனை எட்டு தொலைவில் இருக்கிறது என்பவற்றை அங்கேயே எழுதிவிட வேண்டும். கல்லூரிக்கு வந்து நினைவிலிருந்து எழுதிய குறிப்புகளை நாங்கள் ஏற்பதில்லை. ஆண்டுக்கு இரு முறை, ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும், அதே கிணறுகளில் எடுக்க வேண்டும். புதுப் புதுக் கிணறாகத் தேடிப் போவதில் படம் நன்றாக வரும். ஒரு கிணறு மாறுகிறதா என்பது மட்டும் தெரியாது.

நொய்யலுக்குச் சற்றுத் தள்ளியிருந்த ஊராட்சி ஒன்றைத் தேர்ந்து நாங்கள் முதலில் போனபோது, வேலியோரம் கிளுவைக் கவ்வையை ஒடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்கள் பாட்டில் பெட்டியைப் பார்த்துவிட்டு, "தண்ணி புடிச்சுட்டுப் போனவங்க எத்தனையோ பேருங்க. என்ன வந்துச்சுன்னு திரும்பி வந்து சொன்னவங்க ஒருத்தருமில்லீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மழை வரலைங்க என்று சொல்வதுபோலச் சொன்னார். ஆய்வு மாணவர்கள், ஆலோசனை நிறுவனங்கள், பல துறை அலுவலர்கள் என்று அந்த ஊர்க் கிணறுகளில் வாளி விட்டவர்கள் நிறைய. அந்த நீரில் இருந்து கட்டுரைகள் வெளிவந்திருக்கும், பட்டங்களும் கிடைத்திருக்கும். ஊருக்கு ஒரு தாளும் வந்து சேரவில்லை. அன்று மாலை மாணவர்களோடு உட்கார்ந்து ஒரு விதி வைத்தோம்: முந்தைய முடிவைக் கையில் கொடுக்காமல் அந்த வீட்டில் அடுத்த பாட்டிலை நிரப்பக் கூடாது. இந்த விதியால் வேலை மெதுவாகிவிட்டது. ஆனாலும் அதை மாற்ற எனக்கு மனம் வந்ததில்லை.

முடிவுத் தாள் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொடுத்தவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலையின்படி கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள், அதாவது எல்லோரும் டி.டி.எஸ். என்று சொல்வது, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். கடினத்தன்மைக்கு அந்த இரு எல்லைகளும் 200, 600. எங்கள் மாணவிகள் இதையெல்லாம் அட்டவணையாகப் போட்டு எடுத்துச் சென்றார்கள். அதைக் கேட்டுக்கொண்டே முறத்தில் துவரையைப் புடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, "ஏம்மிணி, இது பருப்பு வேகாத தண்ணியின்னு சொல்றதுக்கு இத்தனை பாட்டலு வேணுமாக்கும்?" என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவர் சொன்னது முழுக்கச் சரி. கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த நீரில் பருப்பு இளகி வேகாது. எந்தக் கிணற்றில் பருப்பு வேகும், எந்தத் தண்ணீரில் டீ நிறம் கெடும், எதில் குளித்தால் தலைமுடி சடை பிடிக்கும், எதை மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பும் என்ற வரிசை அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அந்த வரிசையை எழுதி எங்கள் கடினத்தன்மை, டி.டி.எஸ். அளவுகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒன்றிரண்டு இடம் தவிர இரண்டும் ஒத்துப்போயின.

அப்படியானால் கல்லூரி எதற்கு? இந்தக் கேள்வியை ஒரு மாணவிதான் திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டாள். விடை அதே தாளின் கடைசிப் பத்தியில் இருந்தது. நாக்குக்கும் அடுப்புக்கும் தெரியும் குணங்களை ஊர் அறிந்திருந்தது. நாக்குக்குத் தெரியாதவற்றை அறிய வழியில்லை. பருப்பு நன்றாக வேகிறது என்பதால் ஊரே விரும்பிச் சேந்திய, பழைய குடியிருப்பு நடுவில் இருந்த ஒரு கிணற்றில் நைட்ரேட் அளவு 45 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருந்தது. இந்த எல்லைக்குத் தரநிலையில் தளர்வே கிடையாது. நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையும் தெரியாது. சுற்றிலும் கட்டப்பட்ட கழிப்பறைகளின் உறிஞ்சுகுழிகள், தொழுவம், குப்பைக்குழி, தோட்டத்து யூரியா என்று அது பல வழிகளில் வந்து சேரும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால்பவுடர் கரைத்துக் கொடுக்கப் பயன்பட்டால் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடும். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இதில் செல்லாது. நீர் ஆவியாகி நைட்ரேட் இன்னும் செறிவாகும். கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று பல முகாம்களில் நாங்களே சொல்லி வரும் அறிவுரை கிருமிக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது என்பதைத் தனியாக நின்று விளக்க வேண்டியிருந்தது.

இதற்குப் பிறகு முடிவுத் தாளின் வடிவமே மாறியது. எண்கள் தாளின் பின்பக்கம் போயின. முன்பக்கத்தில், இந்தக் கிணற்று நீரைக் குடிக்கலாமா, சமைக்கலாமா, கைக்குழந்தைக்குக் கொடுக்கலாமா, மாட்டுக்கு ஆகுமா, தென்னைக்கும் மஞ்சளுக்கும் பாய்ச்சலாமா என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு வரியில் விடை எழுதினோம். ஒரு பிரதி வீட்டுக்கு, ஒரு பிரதி கல்லூரிக் கோப்புக்கு. ஊராட்சிக்குக் கொடுக்கும் வரைபடத்தில் கிணற்றுக்கு எண் மட்டும் போட்டு உரிமையாளர் பெயரை விட்டுவிட்டோம். காடு விற்கிற பேச்சில் இருப்பவருக்கும் பெண் கொடுக்கல் வாங்கல் பேச்சில் இருப்பவருக்கும், எங்கூட்டுக் கிணறு உப்பு என்று ஊரெல்லாம் பேசப்படுவது எவ்வளவு சங்கடம் என்பதை அவர்கள் சொன்ன பிறகு வேறெப்படியும் செய்ய முடியாது. ஆராய்ச்சி அறம் என்று முதுநிலைப் பாடத்தில் இருக்கும் அலகை நடத்தும்போது இப்போது நான் கொடுக்கும் எடுத்துக்காட்டு இதுதான்.

கிராம சபைக்குக் கொண்டுபோவதிலும் ஒரு முறை இருக்கிறது. குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கோடு, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-லும் உள்ளாட்சி நாளான நவம்பர் 1-லும் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. மார்ச் 22 எங்கள் வேலைக்கென்றே அமைந்த நாள். ஆனால் சபையில் எழுந்து முதன்முறையாகச் செய்தியைச் சொல்வது ஊராட்சித் தலைவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியதுபோல் ஆகிவிடும். அதனால் சில நாட்களுக்கு முன்பே தலைவர், செயலர், டேங்க் ஆபரேட்டர் மூவரிடமும் வரைபடத்தைக் காட்டிப் பேசிவிடுவோம். இவர்களுள் டேங்க் ஆபரேட்டரை அலட்சியமாக நினைக்கக் கூடாது. எந்த வால்வைத் திறந்தால் எந்தத் தெருவுக்குக் காவிரி நீர் போகும், எங்கே போர் நீரும் காவிரி நீரும் ஒரே தொட்டியில் கலக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அங்கன்வாடிச் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்த போர் நீருக்குப் பதிலாகக் காவிரி நீர்க் குழாயில் இணைப்புக் கொடுக்கலாம் என்ற யோசனை அவர் சொன்னதே. தீர்மானம் எழுதப்பட்டதும் இணைப்பு நடந்தது. அது ஒரு முழங்கைக் குழாயும் சில அடி பி.வி.சி.யும் சேர்ந்த வேலை.

வீடுதோறும் குழாய் நீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. அந்தப் பெண்களோடு எங்கள் மாணவிகளைச் சேர்த்துவிட்டதுதான் இத்தனை ஆண்டுகளில் செய்த காரியங்களுள் எனக்கு மிகவும் நிறைவானது. ஒரே நீரைப் பெட்டியில் உள்ள நிற அட்டையாலும் எங்கள் ஆய்வகத்திலும் சோதித்துப் பார்ப்பார்கள். வேறுபாடு வந்தால் வேதிப்பொருளின் காலாவதித் தேதியைப் பார்ப்பார்கள். பெட்டி அலமாரியில் பூட்டிக் கிடந்தால் யாருக்கும் பயனில்லை. கேட்க ஆள் இருந்தால் அது வெளியே வரும்.

தொடர்ச்சிதான் கல்லூரிக்கு உள்ள பெரும் சவால். மாணவர் மூன்று ஆண்டில் போய்விடுவார். தண்ணீர் மிகவும் கெட்டுப்போகும் சித்திரை, வைகாசியில் எங்களுக்குத் தேர்வும் விடுமுறையும். ஊரின் நாட்காட்டி வேறு: தையிலிருந்து மஞ்சள் வெட்டு, வேகவைப்பு, காயவைப்பு என்று ஒருவருக்கும் நிற்க நேரமிருக்காது, மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டிக் கம்பம் நட்டுவிட்டால் பண்டிகை முடியும்வரை கணக்கெடுப்புப் பேச்சையே எடுக்கக் கூடாது. இந்த இரண்டு நாட்காட்டிகளையும் எதிரெதிரே வைத்து, இரண்டிலும் ஓய்வாக இருக்கும் வாரங்களைத் தேடித்தான் பயணங்களை வைக்கிறோம். கோடை மாதிரியை அந்தந்த ஊரிலிருந்தே படிக்க வரும் மாணவர்கள் எடுத்து வந்துவிடுகிறார்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் முதலாண்டு மாணவர் ஒருவரைக் கிணறு கிணறாகக் கூட்டிப்போய் அறிமுகம் செய்துவைத்த பிறகே அவருடைய களப்பணி மதிப்பெண் முழுமையாகும். பதிவேடு ஒன்று கணினியிலும், தடித்த அட்டை போட்ட நோட்டாக மற்றொன்று ஊராட்சி அலுவலகத்திலும் இருக்கிறது. கணினிக் கோப்பை நான் ஓய்வுபெற்ற பின் யார் திறப்பார்களோ தெரியாது. நோட்டு அங்கே மேசையிலேயே இருக்கும்.

வெளியே போய்ச் சோதிக்கிறோமே, நம் வளாகத்துத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருவர் கேட்டதும் உண்டு. விடுதியின் ஆர்.ஓ. இயந்திரம் நல்ல நீரைப் பிரித்தெடுத்த பிறகு தள்ளும் உப்புநீர் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தனித் தொட்டியில் பிடித்துக் கழிப்பறைக்கும் தரை கழுவவும் திருப்பினார்கள். தமிழ்நாட்டில் 2003-லிருந்து எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமான மழைநீர் சேகரிப்பு எங்களிடமும் இருந்தது, குழி மட்டும் இலைச் சருகால் அடைத்திருந்தது. தூர் வாரியதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பெரிய பல்கலைக்கழகங்களின் பங்கைப் பற்றியும் ஒரு சொல். 1868-ல் சென்னை சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1906-ல் கோவைக்கு மாறி, 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்த நிறுவனம் எங்கள் வட்டாரத்து விவசாயிக்கு அன்னியமானதில்லை. கோவை என்ற பெயரைத் தாங்கிய நெல், சோள ரகங்கள் அவருடைய பேச்சில் இயல்பாக வருகின்றன. வேளாண் பட்டப்படிப்பின் இறுதியில் மாணவர்கள் ஊரில் தங்கி விவசாயியோடு வேலை பார்க்கும் அனுபவப் பயிற்சி பாடத்திட்டத்தின் பகுதியாகவே இருக்கிறது. மண்ணைப் பையில் போட்டு எடுத்துச் சென்று பரிசோதனை முடிவைக் கையில் வாங்கிவரும் பழக்கத்தை இங்கே வேரூன்றச் செய்ததில் அந்த நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு. மண்ணுக்கு உண்டான அந்த வழக்கம் தண்ணீருக்கும் வர வேண்டும் என்று நினைக்கும் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு முன்மாதிரி தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை.

ஆவணங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இதே வேலையில் இருப்பவர்கள் என்னைக் கோபித்துக்கொள்வார்கள். கல்லூரிகளைத் தரம் பார்க்கும் தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீட்டில் மூன்றாவது அளவுகோல் விரிவாக்கப் பணிகளையும் ஏழாவது அளவுகோல் நிறுவனத்தின் விழுமியங்களையும் பார்க்கின்றன. ஐக்கிய நாடுகள் அவை 2015-ல் ஏற்ற, 2030-க்குள் எட்ட வேண்டிய 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் எந்த நிகழ்ச்சி எந்த இலக்கைச் சேரும் என்று குறிக்கும் பத்தியும் இப்போது அறிக்கைகளில் வந்துவிட்டது. நல்ல நோக்கத்தோடு வந்தவைதாம் இவை. ஆனால் ஆய்வுக்கு வந்த ஒரு குழுவினர் எங்கள் கிணற்றுப் பதிவேட்டைப் புரட்டாமல், இட முத்திரையோடு கூடிய புகைப்படங்கள் எத்தனை என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள். மரக்கன்று நட்டால் நூறு படம் கிடைக்கும். அதே முப்பது கிணற்றுக்கு மறுபடி மறுபடி போனால் அதே படம்தான் கிடைக்கும். அதனால் இப்போது நாங்கள் கிராம சபைத் தீர்மானத்தின் நகலையும், வீட்டுக்காரர் முடிவைப் பெற்றுக்கொண்டு இட்ட கையெழுத்துப் பட்டியலையும் ஆவணமாக இணைக்கிறோம். அடுத்து வந்தவர்கள் அதை நிதானமாகப் படித்தார்கள். இலக்குகளின் வண்ணச் சின்னங்களைப் பதாகையில் அச்சிட்டு ஊருக்குள் எடுத்துப்போவதை மட்டும் நான் அனுமதிப்பதில்லை. ஊருக்கு ஆறாவது இலக்கு என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை, நல்ல தண்ணீர் என்றால் போதும்.

முடியாதவையும் உண்டு. கிணற்றில் இறங்கிய உப்பை எங்களால் எடுக்க முடியவில்லை. எந்தக் கல்லூரியாலும் முடியாது. தோப்பை இழந்தவர் ஆற்று நீர் பழையபடி எப்போது வரும் என்று கேட்டால், மழைக்குப் பின் டி.டி.எஸ். எந்தக் கிணற்றில் சற்று இறங்கியிருக்கிறது, எதில் அசையாமல் நிற்கிறது என்ற வரைகோட்டைக் காட்டுகிறோம். அதைப் பார்த்து உப்புத் தாங்கும் பயிருக்கு மாறியவர்களும் இருக்கிறார்கள், காட்டைக் கொறங்காடாக, அதாவது மேய்ச்சல் நிலமாக, விட்டு மாடு மேய்க்கத் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். வாக்குவாதம் செய்த அந்த இருவரில் பேத்தி இப்போது நீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். மாஸ்டரின் மகன் சாய ஆலை ஒன்றின் சுத்திகரிப்புப் பிரிவில் இருக்கிறான். இளையவர்களுக்கு ஆர்.ஓ. சவ்வைப் பற்றி விளக்க அவனைத்தான் வகுப்புக்கு அழைக்கிறேன்.

இந்த ஆனியில் தொடங்க நினைக்கும் கல்லூரிக்குச் சொல்வதானால், ஐந்து கிராமங்களில் ஒன்றை மட்டும் முதலில் எடுங்கள், அதில் முப்பது கிணறுகள் போதும். கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், பியூரெட்டும் ஈ.டி.டி.ஏ.யும் வேதியியல் துறையில் இருக்கும். நைட்ரேட்டுக்கும் ஃபுளோரைடுக்கும் களச் சோதனைப் பெட்டியால் தொடங்கி, எல்லைக்கு அருகே வரும் மாதிரிகளை மட்டும் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்துகொள்ளலாம். முடிவுத் தாளை அச்சிடும் முன் அந்த ஊரில் சமைக்கிற நான்கு பேரிடம் படித்துக் காட்டுங்கள். அவர்களுக்குப் புரியாத வரியை அடித்துவிட்டு வேறு எழுதிய பிறகே பிரதி எடுங்கள்.